பெல்ட்டில் நடந்த கெடா

ஆண்டி டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவன் மனைவி பாவாயி கருப்பனாருக்கு ஒரு கெடா நேர்ந்துகொண்டாள். ஆண்டி எழுந்துவிட்டான். கெடா படுத்துவிட்டது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வேலை பார்க்கும் கோழிப்பண்ணையில் தீவன மூட்டை சரிந்து அதன் முதுகில் விழுந்தது. அன்றிலிருந்து பின்னங்கால்கள் ஈரத்துணி போலக் கிடந்தன.

அந்தக் கருப்பனார் கோயிலுக்குக் கெடாவைக் கயிறு கட்டி இழுத்துப் போகக் கூடாது. எல்லைக்கல்லிலிருந்து தானாக நடந்து வரவேண்டும். அப்போதுதான் அது மனம் ஒப்பி வந்ததாக அர்த்தம். மாசித் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. வேறு கெடா விட்டால் ஆகாது, நேர்ந்தது இதைத்தான் என்று ஆண்டி சொல்லிக்கொண்டே இருந்தான். தன் உயிர் அதில்தான் நிற்கிறது என்று அவனுக்குப் பயம். பாவாயிக்குக் கெடாவை நினைத்துத்தான் பயம். நடக்காவிட்டால் கறிக்கடை, நடந்தால் கருப்பனார்.

பண்ணைக்கு வரும் கால்நடை டாக்டர் தேவிப்ரியா அதன் முதுகை அழுத்திப் பார்த்தாள். தண்டுவடம் அறுபடவில்லை, அடிதான் பட்டிருக்கிறது என்றாள்.

“ஒவ்வொரு அடிக்கும் தலை உத்தரவு போடறதில்லீங்கம்மா. எந்தக் காலு முந்தி, எது பிந்தின்னு முதுகுத்தண்டு நரம்புகளே தங்களுக்குள்ள பேசிக்கும். பாதத்துக்குக் கீழ தரை நகர்ந்தா அதுகளுக்கு ஞாபகம் வந்தாலும் வரும்.”

“இந்தக் கெடாவுக்கு மட்டுங்களா சாமி?” என்றாள் பாவாயி.

“எல்லா ஆட்டுக்குந்தான். உங்களுக்கும் எனக்குமே பாதிக்கு மேல அப்படித்தான்.”

தீவன மூட்டை போகும் பெல்ட்டை மத்தியானத்தில் அரைமணி நேரம் மெதுவாக ஓட்டிக்கொள்ள சூப்பர்வைசர் அன்பழகன் சம்மதித்தான். பழைய சேலையை மேல்குழாயில் தூளி கட்டி, கெடாவின் வயிற்றைத் தாங்கி, கால்கள் மட்டும் பெல்ட்டில் படும்படி விட்டார்கள். பாவாயி எதிரில் உட்கார்ந்துகொண்டாள். தவிட்டுத் தூசி வெயிலில் மிதந்தது. ஆயிரம் கோழிகள் ஒரே குரலில் முனகின. கெடா அவளை நோக்கி வந்துகொண்டே இருந்தது. வந்து சேரவே இல்லை. இத்தனை தூரத்துக்கு இந்நேரம் சேலம் தாண்டியிருக்கும், டிக்கெட் எடுத்தீங்களா என்று அன்பழகன் கேட்டுவிட்டுப் போவான்.

பதினோராம் நாள் இடது பின்னங்கால் ஒரு அடி எடுத்து வைத்தது. மறுநாள் வலது. பிறகு அது கண்ணை மூடி அசைபோட, கால்கள் பாட்டுக்கு நடந்தன. ஆண்டி வாசலில் நின்று அதைப் பார்த்தான். தூங்கிக்கொண்டே நடக்கிறதே என்று மெல்லச் சொன்னான். இரண்டு மாதத்தில் தூளி இல்லாமல் தரையிலும் நடந்தது.

திருவிழா அன்று விடியலில் கெடாவுக்கு மாலை போட்டு எல்லைக்கல்லுக்குக் கூட்டி வந்தார்கள். கடலைக்காட்டின் மேல் பனி படுத்திருந்தது. கயிற்றை அவிழ்த்ததும் அது கோயில் பக்கமாக நடந்தது. பத்தடி போனதும் ஆண்டி நின்றுவிட்டான்.

“ஏம்புள்ள, இது தெரிஞ்சுதான் வருதா?”

பாவாயி கெடாவின் கால்களைப் பார்த்தாள். ஆமாம் என்றால் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

“காலு வருதுங்க. அது வருதான்னு எனக்குத் தெரியலீங்க.”

“மனசு வெக்காம நடக்கறத ஒப்புக்கிட்டதுன்னு எப்படிச் சொல்றது?”

“எல்லா ஆடும் அப்படித்தானாமுங்க. டாக்டரம்மா சொன்னாங்க.”

“அப்ப, இத்தன வருசமா நாம வெட்டுனதெல்லாம்…” ஆண்டி கெடாவின் மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

“நீ இங்கயே பிடிச்சுக்க. நான் தெரிஞ்சே போறேன். கருப்பங்கிட்டச் சொல்லிட்டு வாரேன்.”

“உங்களுக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா?”

“ஆகட்டும். கேக்க வேண்டியதக் கேட்டுட்டு வாரேன்.”

பாவாயி கெடாவின் கழுத்தை அணைத்துக்கொண்டு நின்றாள். வரப்பில் ஆண்டி தன் காலையே பார்த்தபடி போனான். ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்ததால், நடை பழகும் குழந்தை போலத் தள்ளாடினான்.