பெயரை முழுசாக எழுதியவன்

கிரேக்கர்கள் நிறைந்த டான்போர்த் வீதியில் பாதிப் பேருக்கு ஸ்டாமாட்டிஸைப் பிடிக்காது. அதில் முதல் ஆள் அவர் மனைவியின் தம்பி வாங்கேலிஸ். அன்று மதியம் அக்காளுக்குத் தக்காளி கொண்டுவந்தவன், காப்பியை வாங்கிக்கொண்டு, யாரும் உட்காரச் சொல்லாமலே அத்தானுக்கு எதிரே உட்கார்ந்தான்.

ஸ்டாமாட்டிஸ் மடிக்கணினியில் ஒரு மின்னஞ்சலைப் படித்துக்கொண்டிருந்தார். இணையச் சூதாட்டத் தளத்தில் ரூலெட் ஆடுவது எழுபது வயதுக்குமேல் வந்த பழக்கம். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. வெட்கம் வேறொன்றில் இருந்தது. அந்தத் தளத்தில் பெயர் எழுதும் கட்டத்துக்குள் பாதிக்குமேல் ஏறாததால், பாப்பாதிமித்ரோபூலோஸ் என்ற குடும்பப் பெயர் 'பாப்பாதிமி' என்று அறுந்து நின்றது, வால் போன பல்லி மாதிரி. அங்கிருந்து வரும் கடிதமெல்லாம் 'அன்புள்ள பாப்பாதிமி' என்றே தொடங்கும். மூன்று முறை புகார் எழுதியும் ஒருவனும் அசையவில்லை.

இன்று வந்ததில் பெயர் முழுசாக இருந்தது.

"கடைசியில திருத்திட்டானுங்க," என்றார் மனைவி கலியோப்பியிடம். "கணக்கை முடக்கி வெச்சிருக்காங்களாம். இதை அமுக்கி பாஸ்வேர்டும் லைசென்ஸ் போட்டோவும் குடுத்தா இன்னிக்கே திறந்துடுவாங்களாம். பர்ஸ்லருந்து லைசென்ஸை எடு."

அவள் எடுத்தாள்.

"குடுங்க, குடுங்க," என்றான் வாங்கேலிஸ். "கையோட வீட்டுச் சாவியையும் குடுத்துடுங்க, அத்தான்."

"உன்னை யாரும் கேக்கல."

"நீங்க எப்போ யாரைக் கேட்டீங்க? அந்தத் தளத்துக்கு உங்களை என்ன பேர்ல தெரியும்?"

ஸ்டாமாட்டிஸ் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த அறுந்த பெயரை இவன் முன்னால் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்.

"பாப்பாதிமி," என்று வாங்கேலிஸே நிதானமாகச் சொன்னான். "அக்கா சொல்லியிருக்கா. அவங்ககிட்ட இல்லாத மீதிப் பேரு இந்த மெயில்ல எப்படி வந்துச்சு? உங்க அம்மாவோட நாப்பதாம் நாள் நினைவுப் பூசை அறிவிப்பு சர்ச் இணையப் பக்கத்துல இன்னும் தொங்குது. அதுல உங்க பேரு முழுசா, பக்கத்துலயே மெயில் முகவரி. எவனோ அங்கருந்து பொறுக்கியிருக்கான். இப்படி ஆயிரம் பேருக்கு அனுப்புவான், அதுல ஒருத்தன் ஆடுறவனா இருந்தாப் போதும்."

"மரியாதைக்குப் போட்டது அது."

"ஆமா. எங்க அக்கா பேருக்கு மட்டும் அதுல இடமில்லாத மரியாதை."

கலியோப்பி கையிலிருந்த லைசென்ஸைத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஸ்டாமாட்டிஸ் மின்னஞ்சலில் இருந்த இணைப்பைத் தொடவில்லை. தளத்தின் முகவரியை ஒற்றை விரலால் தானே தட்டி உள்ளே போனார். கணக்கு எந்த முடக்கமும் இல்லாமல் திறந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'வருக, பாப்பாதிமி' என்று இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாங்கேலிஸ் எட்டிப் பார்ப்பது தெரிந்தும் திரையை மூட முடியவில்லை.

மின்னஞ்சலுக்குத் திரும்பி, முதல் வரியை இன்னொரு முறை முழுசாகப் படித்தார். பிறகு அழித்தார்.

"காப்பி குடிச்சாச்சுன்னா கிளம்பு."

வாங்கேலிஸ் எழுந்து கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். வாசல்வரை போய்த் திரும்பினான். அக்காள் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அன்றுதான் அவன் வாயில் 'அத்தான்' வரவில்லை.

"வரட்டுமா, பாப்பாதிமி?"

கலியோப்பி சிரித்துவிட்டாள்.