பெரிதாகாத தாள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அந்த வருடம் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கு டேப்லெட்டுகள் வந்து இறங்கியபோது மற்ற ஆசிரியர்கள் மூக்கால் அழுதார்கள். சார்ஜ் போடவே தனியாக ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். இவள் மட்டும் மாய்ந்து மாய்ந்து பாடங்களை அதில் ஏற்றினாள். பலனும் கைமேல் கிடைத்தது. அந்தப் பலனுக்கு வகுப்பில் சிட்டு என்று பெயர்.

போன வருடம் இரண்டாம் வகுப்பிலும் சிட்டுவோடு மாரடித்தது இதே டீச்சர்தான். புத்தகத்தை நீட்டினால் சிட்டு பேந்தப் பேந்த விழிப்பாள். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை என்று அவள் அம்மாவை வரவழைத்துச் சொல்லியும் ஆயிற்று. அதே சிட்டு, டேப்லெட்டைக் கையில் கொடுத்ததும் கடகடவென்று வாசித்தாள். திரையில் இரண்டு விரலை வைத்து விரிப்பாள், முகத்தை ஒட்டி வைத்துக்கொள்வாள், வாசிப்பாள். என்ன ஆர்வம் பாரேன் என்று டீச்சர் பூரித்துப்போனாள். பள்ளியைப் பார்க்க யார் வந்தாலும் தலைமையாசிரியர் சிட்டுவைத்தான் எழுப்பி வாசிக்கச் சொன்னார். பேக்கரியில் வேலை பார்க்கும் அவள் அம்மா, டீச்சரை வாசலில் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள்.

ஆண்டுத் தேர்வு மட்டும் தாளில்தான் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

சிட்டு கேள்வித்தாளை வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு பெஞ்சில் வைத்து, அதன்மேல் இரண்டு விரலை ஊன்றி விரித்தாள்.

"டீச்சர், சிட்டு பேப்பரை டேப்லெட்னு நெனச்சிட்டா!" என்றான் பக்கத்துப் பையன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பாவி டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிட்டு சிரிக்கவில்லை. மறுபடி விரித்தாள். தாள் கசங்கியது. டீச்சர் கிட்டே போனாள்.

"என்னடா கண்ணு?"

"பெருசாக மாட்டேங்குது டீச்சர்."

"பேப்பர் எப்படிப் பெருசாகும்? இருக்கிறதை அப்படியே படி."

"என்ன இருக்குன்னே தெரியல."

டீச்சர் அலமாரியைத் திறந்து சிட்டுவின் டேப்லெட்டை எடுத்து வந்தாள். "தினமும் எப்படி வெச்சுப் படிப்பே? காட்டு."

சிட்டு விரித்தாள். இன்னும் விரித்தாள். திரை முழுக்க மூன்றே எழுத்துகள் நின்றன.

"மொதல்ல ஒரு வரி முழுசா வெச்சுப் படிப்பேன் டீச்சர். இப்ப இவ்ளோ வெச்சாத்தான் தெரியுது."

வருடம் முழுக்க அந்த எழுத்துகள் வளர்ந்துகொண்டே போயிருக்கின்றன. டீச்சர் பார்த்ததெல்லாம் மதிப்பெண்ணைத்தான்.

அன்று சாயங்காலமே அம்மாவையும் மகளையும் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"கண் நரம்பு பாதிச்சிருக்கு. போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டு சிட்டுவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தெரியலன்னு யார்கிட்டயும் சொல்லலையா?"

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் சிட்டு. "அவங்க எல்லாம் கெட்டிக்காரங்க, அதான் படிக்கிறாங்கன்னு."

சிட்டுவுக்குச் சொட்டு மருந்து போட நர்ஸ் உள்ளே அழைத்துப்போனாள். வெளியே பெஞ்சில் அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை நீங்க கண்டுபிடிச்சீங்க டீச்சர். இல்லேன்னா மொத்தமும் போயிருக்கும். உங்களை மறக்கவே மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை.

"இல்லம்மா. போன வருஷமே அவளுக்குக் கண்ணு தெரியல. அதைத்தான் நான் சோம்பேறித்தனம்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

அம்மா கையை உதறுவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று டீச்சர் காத்திருந்தாள். கேட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. அம்மா கையை விடவில்லை.

"நீங்க சொன்ன அன்னைக்கு வீட்டுக்குப் போய் அவளை அடிச்சேன் டீச்சர்" என்றாள். "படிக்கிறேம்மா, படிக்கிறேம்மான்னு அழுதா. படிக்கிற வரைக்கும் அடிச்சேன்."