வெளிச்சம் விழும் பக்கம்

அண்ணன் நாற்காலிமேல் ஏறி நின்று, அப்பாவின் அறைச் சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அப்பாவைக் கூடத்துக்குத் தூக்கிப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டில் அப்படியே கிடந்தது. அதை யாரும் தொடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"கீழ பிடி," என்றான் தங்கையிடம், திரும்பாமலே.

பிடித்தாள்.

"எதுக்குண்ணா இது?"

"கூடத்துல மாட்டணும். உங்க ஆபீஸ் தலைவர் வர்றாராம். அப்பா யாருன்னு பாக்கட்டும்."

"இது பழைய பதிப்பு."

அவன் இறங்கினான். வரைபடத்தை அவள் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கினான். "செத்தப்புறமும் விடமாட்டியா அந்த மனுஷன?"

அது புதன் கிரகத்தின் தென்பாதி. விண்கலத்தின் கேமரா துண்டு துண்டாக அனுப்பும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பள்ளங்களை அடையாளம் வைத்து, கோளத்தின்மேல் அதனதன் இடத்தில் படியவைப்பதுதான் அப்பாவின் வேலை. நானூற்றுப் பன்னிரண்டு படங்கள், ஆறு வருடம். படத்தில் வெளிச்சம் கீழேயிருந்து விழுந்தால் பள்ளமெல்லாம் மேடாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். அதனால் அப்பா படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடி நேராக்குவார். ஒரே ஒரு படத்தை நேராக்க மறந்துவிட்டார். சுற்றிலும் வெறும் சமவெளி, அடையாளம் சொல்ல ஒரு பெரிய பள்ளம்கூட இல்லை. யார் கண்ணிலும் படவில்லை.

அதே ஆபீஸில் அப்பாவுக்கு நாலு மேசை தள்ளி உட்கார்ந்து சரிபார்க்கிற அவள் கண்ணில் பட்டது. மற்றப் படங்களில் நிழல் கிழக்கே விழ, அதில் மட்டும் மேற்கே விழுந்தது. தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல் மூன்று நாள் மூன்று தடவை பார்த்தாள். நாலாவது நாள் தலைவரிடம் எழுதிக் கொடுத்தாள். வரைபடம் திருத்தப்பட்டு மறுபடி அச்சானது. தவறை முதலில் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா அதன்பிறகு அவளிடம் பேசவில்லை. கடைசி வாரம் அவள் தண்ணீர் கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அதே டம்ளரை அண்ணன் நீட்டினால் குடிப்பார்.

"புதன்ல யாராவது வீடு கட்டிக் குடியிருக்காங்களா?" என்றான் அண்ணன். "ஒரு படம் தலைகீழா இருந்தா எவன் கூரைலேர்ந்து விழப்போறான்? அவர் வந்து கேட்டா மெஷின் கோளாறுன்னு சொல்லு. நானும் அப்படித்தான் சொல்லப்போறேன். இல்லன்னா சுடுகாட்டுக்குப் போற வண்டில ஏறாத."

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் கூடத்துக்குப் போனாள்.

தலைவர் பதினோரு மணிக்கு வந்தார். அப்பாவின் காலடியில் சற்று நேரம் நின்றார். பிறகு வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். அவர் கண் நேராக அந்தப் படம் இருந்த வலது ஓரத்துக்குப் போனதை அவள் பார்த்தாள். அண்ணன் அவர் காதோரம் ஏதோ சொன்னான்.

அவர் அவளைக் கூப்பிட்டார். "நாளைக்கு இரங்கல் கூட்டத்துல நான்தாம்மா பேசணும். அந்தப் படம் மெஷின்ல வந்த கோளாறுன்னு உங்க அண்ணன் சொல்றார். சரிபாத்தது நீங்க. அப்படியே சொல்லிடலாமா?"

அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"வேண்டாம் சார்," என்றாள். "மெஷின்னு சொன்னா, அதே மெஷின்ல போட்ட மத்த நானூத்திப் பதினொண்ணையும் சந்தேகப்படுவாங்க. அதெல்லாம் ஒரு இழைகூடப் பிசகல சார். எல்லாத்தையும் பாத்திருக்கேன். இது ஒண்ணுதான், அப்பா திருப்பி வைக்க மறந்தது."

அவர் மெல்லத் தலையாட்டினார். அவருக்குப் புரிந்தது. அண்ணன் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

வண்டி வந்தது. அப்பாவை ஏற்றிய பிறகு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இடமில்ல," என்றான் அண்ணன்.

பின்னால் இரண்டு இருக்கை காலியாக இருந்தது.

"அம்மா," என்றாள்.

அம்மா அவளைப் பார்த்தாள். "வீட்ட யாராவது பாத்துக்கணும்ல," என்று சொல்லிவிட்டு ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வண்டி முனை திரும்பும்வரை நின்றாள். பிறகு உள்ளே வந்து செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். கூடத்து நாற்காலிகளை மடக்கினாள். பதினாறு இருந்தன. மறுபடி எண்ணினாள், பதினாறுதான். வரைபடம் கோணலாகத் தொங்கியது. அதை நேராக்கினாள்.

அப்பாவின் அறைக்குள் போய் ஜன்னல் ஓரமாக நின்றாள். முதுகுப்பக்கமிருந்து வந்த வெயில் கட்டில்மேல் சரிந்து விழுந்தது. தலையணையில் அவர் தலை அழுந்திய இடம், உள்ளே ஏதோ இருப்பதுபோல வட்டமாக மேலே எழும்பித் தெரிந்தது.

கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் அது பள்ளமாகிவிடும். நாலு எட்டுத்தான்.

அவள் ஜன்னல் பக்கமே நின்றாள்.