ஆளில்லாத பூங்கா

மாநிலப் பூங்காக்களின் இயக்குநர் ஆய்வுக்கு வந்தால், அன்று பொதுமக்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. அவர் கண்ணில் குப்பையும் காதில் கூச்சலும் படக் கூடாதாம். தலைமை அலுவலகம் அவருக்கே சொல்லாமல் வைத்திருக்கும் வழக்கம் இது. ஏரிப் பூங்காவின் மேலாளர் வயிற்றெரிச்சலோடுதான் காலையில் முன்வாசலைப் பூட்டினாள்.

இயக்குநரும் துணை இயக்குநரும் வந்த கார் பின்வாசல் வழியாக நுழைந்தது. ஏரிக்கரை பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஊஞ்சல்கள் அசையாமல் தொங்கின.

"என்னம்மா இது, ஒரு ஈ காக்கா கூட இல்ல? யாருமே வராத பூங்காவ எதுக்கு நடத்தணும்? மூடிடலாம்னு போர்டு மீட்டிங்ல சொல்லிடறேன்" என்றார் இயக்குநர்.

"கரெக்ட் சார்" என்று தலையாட்டினார் துணை இயக்குநர். பூட்டச் சொல்லி நேற்று போன் செய்த புண்ணியவானே அவர்தான்.

மேலாளருக்குக் கோபம் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது.

"சார், கொஞ்சம் என்கூட வாங்க" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் முன்வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். வேறு வழியில்லாமல் இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

கம்பிக் கதவுக்கு வெளியே தெருமுனை வரை நீண்ட வரிசை. தள்ளுவண்டியில் குழந்தைகள், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், வெயிலில் முகம் சிவந்த அம்மாக்கள்.

"யாரு இவங்கெல்லாம்?" என்றார் இயக்குநர்.

"யாருமே வர்றதில்லன்னு சொன்னீங்களே சார், அந்த 'யாருமே' இவங்கதான். நீங்க வரீங்கன்னு காலையிலேர்ந்து வெளியில நிறுத்தி வச்சிருக்கோம்."

அவள் பூட்டைத் திறந்து, சாவியைத் துணை இயக்குநர் கையில் திணித்தாள்.

"அடுத்த தடவ சாரையும் இந்த வரிசையிலயே கூட்டிட்டு வாங்க."