வார்துஷ் கிழவிக்கு முப்பத்தாறு வருடத் தண்ணீர்

1.
இந்தக் கதை என் மண்டையில் உதிக்கவில்லை. கைப்பேசியில் வந்து விழுந்தது. பக்கத்து வீட்டுக் கேகாமிடம் இருப்பது பொத்தான் ஃபோன். அதனால் எல்லைக்கு அப்பாலிருக்கும் அசர்பைஜானி முர்சல், இரு நாட்டாரும் வந்துபோகும் ஜார்ஜியாவின் டிபிலிசிச் சந்தையில் யாரிடமோ என் எண்ணை வாங்கி, ஒரு கல்லறைப் படத்தை எனக்கு அனுப்பிவிட்டான்.

தொடக்கம் ஒன்று: 'அர்மேனியர்களும் அசர்பைஜானியர்களும் வெட்டிக்கொண்ட அந்நாளில், மலைகள் மௌனமாய்...' (வேண்டாம். மலை என்றைக்குப் பேசியது?)

2.
நடந்தது இதுதான். முப்பத்தாறு வருடம் முன்பு வெட்டுக்குத்து தொடங்கியதும் எங்கள் அர்மேனிய ஊரும் ஓர் அசர்பைஜானி ஊரும் உயிர் பிழைக்க வீடுகளை மாற்றிக்கொண்டன. கல்லறைகளைத் தூக்கிவர முடியுமா? "உங்கப்பாவை நான் பாத்துக்கறேன், எங்கம்மாவை நீ பாத்துக்க" என்று கேகாம் முர்சலுக்குக் கைகொடுத்தான். அதன்பின் எத்தனையோ சண்டை. முர்சலுடைய அப்பாவின் கல்லைக் கேகாம் வருடம் தவறாமல் பல் பிரஷால் தேய்த்தான்.

3.
இத்தனை வருடத்தில் முதன்முதலாக வந்த படத்தில் கழுவிய கல், பூ, கண்ணாடி டம்ளரில் தேநீர். கல்லில் செதுக்கிய முகத்தைப் பார்த்ததும் கேகாம் என் கைப்பேசியைப் பிடுங்கினான்.

"இது எங்கம்மா இல்லய்யா. வார்துஷ் கிழவி. ஒரு கோழித் தகராறுல இருபது வருஷம் எங்கம்மா அது மூஞ்சியில முழிக்கல."

முர்சலுக்கு எங்கள் எழுத்து தெரியாது. முக்காடு போட்டு முறைக்கும் கிழவி என்பதுதான் கேகாம் அன்று சொல்லியிருந்த அடையாளம். எங்கள் ஊரில் முறைக்காத கிழவி யார்?

(வாசகரே, சிரிக்கலாம். கேகாம் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தான். அம்மா இருக்கவேண்டிய இடது பக்கத்தில் ஆளுயர முட்செடி. உள்ளே கல் நிற்கிறதா, எவனாவது உடைத்துவிட்டானா, தெரியவில்லை.)

4.
முடிவு அ: உண்மையைச் சொல்லி முர்சலைத் திட்டுவது.

"முப்பத்தாறு வருஷம் தண்ணி ஊத்தினவன்யா. மனசு உடைஞ்சிடும்," என்றான் கேகாம். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: கேகாம் சொல்லச் சொல்ல நான் தட்டி அனுப்பியது. "முர்சல் தம்பி, ரொம்ப நல்லா வச்சிருக்க. அம்மாவுக்கு இடது பக்கம் அவங்க உயிர்த்தோழி படுத்திருக்காங்க. முள்ளை வெட்டி அவங்களுக்கும் ரெண்டு வாளி ஊத்திடு."

"உயிர்த்தோழியா?" என்றேன்.

"அம்மா கேட்டா எந்திரிச்சு வந்து அறையும். வரட்டுமே."

5.
இன்று காலை பதில் வந்துவிட்டது. ஒரு படம். கேகாம் எதிரில் உட்கார்ந்திருக்கிறான்.

"திறக்கட்டுமா?"

"இரு. உன் கதையில கல்லு இருக்கா?"

"இதுவரைக்கும் இருக்கு."

"அப்ப முடிக்காத."

ஆகவே முடிக்கவில்லை. முர்சல் அரிவாளோடு குனிகிறான். முதல் செடியை வெட்டுகிறான், இரண்டாவதை வெட்டுகிறான், மூன்றாவதை