ஓடாத சோதனைகள்

சுருளிராஜன் எழுதிய சோதனைகள் ஒருநாளும் ஓடியதில்லை என்பதை ரீட்டா ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தாள்.

தேனியில் அவர்கள் வேலை பார்த்த சிறு நிறுவனம், திராட்சைத் தோட்டங்களுக்குத் தானாகவே தண்ணீர் திறந்துவிடும் மென்பொருளைத் தயாரித்தது. அதில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளைத் தேடி ஓட்டும் கருவி, ‘டெஸ்ட்’ என்று தொடங்கும் பெயருள்ள கோப்புகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குழுத்தலைவர் சுருளிராஜனோ தன் கோப்புகளுக்கெல்லாம் ‘செக்’ என்று தொடங்கிப் பெயர் வைத்திருந்தார். கருவி அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. மற்றவர்களின் சோதனைகள் தேறியதால் திரை எப்போதும் பச்சையாகவே இருந்தது.

ரீட்டா பெயர்களை மாற்றி ஓட்டிப் பார்த்தாள். ஏழு சிவப்பு. மழை பெய்தாலும் வால்வு திறந்துகொள்ளும். அவள் பெயர்களைப் பழையபடியே ஆக்கிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனாள்.

போன மாதம் அவள் செய்த ஒரு பிழைக்கு, உடன் வேலை பார்ப்பவனிடம், “ஏலே ஈஸ்வரபாண்டி, இவளுக்குச் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துற வேல இருந்தாக் கேளுப்பா. இங்கன சரிப்படாது” என்றிருந்தார் சுருளிராஜன். அறையே சிரித்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அவள் நாள் குறித்தாள். பத்து நாளில் முதலாளியும் தோட்டத்துச் சொந்தக்காரரும் கூடும் கூட்டம். அதுவரை ஜெபத்தில் பிறரை மன்னிக்கும் வரியை மட்டும் வாய்க்குள் விழுங்கினாள்.

மென்பொருள் வெள்ளோட்டத்தில் இருந்தது ஓடைப்பட்டி பஞ்சம்மாளின் தோட்டத்தில். கூட்டத்தன்று அவர் ஒரு துணிப்பையோடு வந்து முதலாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார், ஒங்க டெஸ்ட்ட ஓட்டிக் காட்டட்டுமா?” என்றாள் ரீட்டா.

“ஓட்டேன். எல்லாம் பச்சதான்.”

அவள் மளமளவென்று பெயர்களை மாற்றினாள். ஏழு சிவப்புக் கோடுகள்.

“மழையிலயும் தண்ணி திறக்கும் சார். மெழுகுவத்தி ஏத்துறவளுக்கே தெரியுது.”

சுருளிராஜனின் முகம் வெளுத்தது. ரீட்டாவின் நெஞ்சு குளிர்ந்தது.

பஞ்சம்மாள் பையிலிருந்து ஒரு குலையை எடுத்து மேசையில் வைத்தார். பழங்கள் வெடித்திருந்தன.

“நாலு நாளா மழை. அதுலதேன் வெடிக்குதுன்னு நெனச்சேன். தண்ணியும் சேந்துல்ல போயிருக்கு! பறிக்க ஒரு வாரந்தேன் இருந்துச்சு. ஏத்தா, இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

ரீட்டா வெடித்த பழங்களைப் பார்த்தாள்.

“இப்பத்தான் பாத்துருக்கும் ஆத்தா. தப்பு எம்மேல. அந்தப் பிள்ளையக் கேக்காதீக” என்றார் சுருளிராஜன். அவள் பெயர்களை மாற்றிய வேகத்திலேயே, இதை முன்பே செய்து பார்த்தவள் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

“இல்லாத்தா,” என்றாள் ரீட்டா. “பத்து நாளாத் தெரியும். இவுகளப் பழிவாங்கணும்னு மறச்சு வச்சேன்.”

பஞ்சம்மாள் திட்டவில்லை. குலையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “கெழக்க ரெண்டு வரிசை இன்னும் வெடிக்கல” என்றார்.

“வா, வால்வக் கையால அடச்சிட்டு வருவோம்” என்று ரீட்டாவிடம் சொல்லிவிட்டு, சுருளிராஜன் பைக் சாவியை எடுத்தார்.

சின்னமனூர் தாண்டியதும் தூறல் விழுந்தது. அவர் வண்டியை நிறுத்தி, இருந்த ஒரே மழைக்கோட்டை அவளிடம் நீட்டினார். அதை வாங்கிப் போட்டுக்கொள்வது, அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டதைவிடக் கடினமாக இருந்தது ரீட்டாவுக்கு.