பஸ்ஸிலேயே வருகிறேன்

முடிச்சை அவிழ்ப்பார்களா, கத்தரியால் வெட்டுவார்களா? எனக்கு எப்படிச் செய்தார்கள்? எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் மட்டும் இருக்கிறது.

இதையே யோசித்தபடி செண்பகம் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாள். தென்காசிக்கா, குற்றாலத்துக்கா என்று கேட்டபடி டாக்சிக்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். அப்பா கார் அனுப்புவதாகச் சொன்னபோதும் அவள், பஸ்ஸிலேயே வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். கார் என்றால் இரண்டு மணி நேரத்தில் வீடு வந்துவிடும். கை காட்டியும் முதல் இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

தம்பி விஜயசங்கர் இறந்து நாளை பதினாறாம் நாள். காலையில் காரியம் முடிந்ததும் அவன் மனைவி நீலாவின் தாலியைக் கழற்றி வாங்க வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அதைச் செய்வது கணவனை இழந்த ஒரு பெண். இத்தனை வருஷமாகச் செங்கோட்டை அத்தைதான் எல்லோருக்கும் செய்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் செண்பகத்துக்கும் அவள்தான். இப்போது அத்தை இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாள். பெங்களூரில் விமானம் ஏறுவதற்கு முன் அம்மா போன் செய்தாள்.

"நீலா யாரையும் கிட்ட விட மாட்டேங்காட்டி. நீ சொன்னா கேப்பா. நீதான் செய்யணும், வேற ஆளு இல்ல."

செண்பகம் "ம்" என்றாள். தம்பி போய்விட்டான் என்று செய்தி வந்தபோதும் அதே "ம்" தான் சொன்னாள்.

திருநெல்வேலியில் இறங்கித் தென்காசி பஸ் மாறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாரல் அடிக்கிறது, ஷட்டரை இறக்குங்கள் என்று பின்சீட்டில் சொன்னார்கள். இறக்கினாள். காற்றே இல்லை, ஏற்றுங்கள் என்றார்கள். ஏற்றினாள். யார் எதைச் சொன்னாலும் கை தானாகச் செய்தது. நாளையும் இப்படித்தான் செய்யும் போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த நினைப்பும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

ஆலங்குளத்தில் கூட்டம் நெருக்கி ஏறியது. நின்றுகொண்டிருந்த ஒரு பெண், கேட்காமல் கொள்ளாமல், தன் கைக்குழந்தையைச் செண்பகத்தின் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களின் மடி எல்லோருக்கும் பொது. இன்னொருத்தி காய்கறிப் பையை அவள் காலடியில் செருகினாள். 

டிக்கெட் போட வந்த கண்டக்டர் குழந்தையைப் பார்த்தார். "நாங்கள்லாம் நின்னுக்கிட்டு வாரோம், மகாராணிக்கு ஜன்னல் சீட்டாக்கும்?"

"மகாராணி இல்ல அண்ணாச்சி, ரூபி," என்றாள் தாய்.

"டிக்கெட்டுல பேரெல்லாம் போட மாட்டோம் தாயி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். செண்பகத்துக்கு மடியில் ஒரு சூடும் கனமும் மட்டும் தெரிந்தன. குழந்தை அவள் கழுத்திலிருந்த மெல்லிய சங்கிலியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு அதைப் பிடித்துக்கொண்டது.

பாவூர்சத்திரத்தில் அந்தப் பெண் இறங்க வேண்டும். குழந்தையைத் தூக்கினால் சங்கிலியும் கூடவே வந்தது. பின்னாலிருந்து அவசரப்படுத்தினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். தாய் குனிந்து குழந்தையின் சுண்டுவிரலைப் பிரித்தாள். அடுத்து மோதிரவிரல்.

"விடுட்டி, விடு," என்று ஒவ்வொரு விரலுக்கும் சொன்னாள்.

அத்தையும் சுண்டுவிரலிலிருந்துதான் ஆரம்பித்தாள்.

பஸ் கிளம்பியது. அத்தையின் முந்தானையில் விக்ஸ் வாசம் அடித்தது. கத்தரி எடுக்கவில்லை. முடிச்சையும் அத்தை நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டாள். கயிறு கழுத்தைவிட்டு வந்துவிட்டது, அதை இறுகப் பிடித்திருந்த செண்பகத்தின் கையிலிருந்துதான் வரவில்லை. "விடு தாயி, விடு தாயி" என்று அத்தை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த விரல் மறுபடி மூடிக்கொண்டது. அன்று கல்லைப்போல உட்கார்ந்திருந்ததாகத்தான் இந்த மூன்று வருஷமும் அவள் நினைத்திருந்தாள். கை அப்படி இருக்கவில்லை. 

வலது கையை விரித்துப் பார்த்தாள். சாதாரணக் கை. அழுகை வருமோ என்று பார்த்தாள், வரவில்லை. மலை பக்கத்தில் வந்துவிட்டிருந்தது.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது போன் அடித்தது.

"எங்கனட்டி நிக்க?"

"தென்காசிலம்மா. குற்றாலம் பஸ்ஸுக்கு நிக்கேன்."

அம்மா மூச்சுவிடாமல் பேசினாள். பந்தல் போட்டாயிற்று, நீலாவின் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்துவிட்டது, அச்சன்புதூர் ஆட்கள் காலையில் வருகிறார்கள். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"வெள்ளனே எந்திச்சுக் குளிச்சிரு. அவ கைய நீ புடிச்சுக்கிட்டா போதும், பெறவு தாலிய அவளா விட்டுருவா."

குற்றாலம் டவுன் பஸ் வந்து நின்றது. பெண்கள் முன்வாசலில் முண்டியடித்தார்கள். செண்பகம் பெட்டியை ஓரமாக இழுத்து அவர்களுக்கு வழிவிட்டாள்.

"நான் வாரேன்ம்மா," என்றாள். "அவகூட உக்காந்திருக்கேன். அவ கைய மட்டும் பிரிக்க மாட்டேன்."